ஒத்துப்போகாத இரண்டு பெண்கள்

எனக்குக் களைப்பாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இவள் ஏன் இப்படிச் சலித்துக்கொள்கிறாள் என்று கேட்கக் கூடாது. தூங்கினால் போகிற களைப்பு இல்லை. விடுமுறை எடுத்துக்கொண்டு மெம்பிஸில் அண்ணன் வீட்டுக்குப் போய், ஒரு வாரம் சோபாவிலேயே கிடந்து பார்த்துவிட்டேன். திரும்பி வந்து அலுவலக லிஃப்டில் ஏறியதும் அது எனக்காக அங்கேயே காத்துக்கொண்டிருந்தது.

என் பெயர் சார்லீன் பெட்டிஸ். செயின்ட் லூயிஸில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை. ஆலங்கட்டி மழையில் கூரை போனவர்கள், சூறாவளியில் சுவர் போனவர்கள், நிலவறையில் தண்ணீர் புகுந்தவர்கள் எல்லோரும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அழுகிறவர்களை ஆற்றுவதும் புளுகுகிறவர்களைப் புளுகவிட்டுப் பிடிப்பதும் என் தொழில். தொலைபேசிக்கென்று எனக்கு ஒரு தனிக் குரல் உண்டு. என் மகன் அதற்கு 'வெள்ளைக்கார சார்லீன்' என்று பெயர் வைத்திருக்கிறான். அந்தக் குரலில் பேசும்போது நான் எந்தத் தெருவில் குடியிருக்கிறேன், எந்தச் சர்ச்சுக்குப் போகிறேன் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. மாலையில் காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் என் சொந்தக் குரல் மெல்ல வெளியே வரும், அதுவும் இருமிக்கொண்டே.

எங்கள் பிரிவில் மேலாளர் பதவி காலியாகும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுப் 'பொறுப்பு மேலாளர்' ஆக்குவார்கள். வேலை முழுக்க உண்டு, அறை கிடையாது. என் பழைய மேஜையிலிருந்தே எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். சில மாதத்தில் வெளியிலிருந்து ஒருவர் வருவார். எனக்கு ஒரு பூங்கொத்து வரும். வந்தவருக்கு வேலை சொல்லிக்கொடுப்பவளும் நானாகவே இருப்பேன். டக் கெஸ்லருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் அந்த அறையில் பல வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு, போன இலையுதிர் காலத்தில் இயக்குநராகி மேல்மாடிக்குப் போனார். அறை காலியானது. பொறுப்பு மறுபடி என் தலையில் வந்து விழுந்தது.

இந்த முறை அந்த வேலைக்கு ஆசைப்பட்டேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஆசைப்பட்டேன். இன்னொருவருக்கு எழுத்தறிவித்துவிட்டு அவருக்குக் கீழே உட்கார இனி எனக்குத் தெம்பில்லை. இந்தத் தடவையும் கை நழுவினால் பென்ஷன் வரை இதே மேஜைதான், இதே பூங்கொத்துதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இங்கே வெர்னிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெர்னிதா ஹாஸ்கின்ஸ் அதே கட்டடத்தில் தணிக்கைப் பிரிவில் இருக்கிறாள். நாங்கள் முடித்து அனுப்பும் கோப்புகளைத் திரும்பப் பிரித்துத் தப்பு கண்டுபிடிப்பது அவள் வேலை. என் உயிர்த்தோழி. அவள் மகளுக்கு ஞானத்தாய் நான். என் விவாகரத்து நடந்த வருடம் என் மகன் பாதி நாள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் இரண்டு பேரும் வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக வாசலில் நின்று வருகிறவர்களை இருக்கைக்கு அழைத்துப் போவோம். டெல்மார் தெருவுக்கு வடக்கே, கறுப்பர்கள் குடியிருக்கிற எங்கள் பக்கத்தில், யாரை நிறுத்திக் கேட்டாலும், "அதுங்க ரெண்டும் ஒண்ணுதானே" என்பார்கள்.

அலுவலகத்தில் மட்டும் நாங்கள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்.

இது யாரும் போட்ட சட்டம் இல்லை. நாங்களே போட்டுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களோடு டெய்ட்ரா என்று இன்னொருத்தியும் இருந்தாள். மூன்று பேரும் கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிடுவோம், சிரிப்போம். ஒருநாள் அப்போதைய மேலாளர் தட்டோடு போகிற போக்கில், "என்ன, மூணு பேரும் சேர்ந்து ஏதாவது திட்டம் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேஜைகளும் சிரித்தன. நாங்களும் சிரித்துவைத்தோம். அந்த வருட மதிப்பீட்டில் மூன்று பேருக்கும் ஒரே குறை சொல்லியிருந்தார்கள்: மற்றவர்களோடு கலந்து பழகுவதில்லை. பக்கத்து மேஜையில் டேவ், ஸ்டீவ், இன்னொரு டேவ் என்று வருடக்கணக்காக ஒரே கூட்டமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. டெய்ட்ரா வேலையை விட்டுவிட்டு அட்லாண்டாவுக்குப் போய்விட்டாள். மிச்சமிருந்த நாங்கள் இரண்டு பேரும் பிரிந்து உட்காரத் தொடங்கினோம்.

எதிரெதிரே வந்தால் லேசாகத் தலையசைப்போம், அவ்வளவுதான். கூட்டங்களில் அவள் சொன்னதை நான் ஆமோதிக்க மாட்டேன், நான் சொன்னதை அவள் ஆமோதிக்க மாட்டாள். அவள் லிஃப்டில் இருந்தால் நான் படியில் போவேன். மதியம் நான் முன்வாசல் வழியாக இறங்குவேன், அவள் பின்வாசல் வழியாக. கட்டடத்துக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்துகிற இடத்தின் கோடியில், ஒரு மேப்பிள் மரத்தடியில் அவளுடைய பழைய பியூக் கார் நிற்கும். அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுவோம். சோளரொட்டி, கீரை, ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய கோழி. ஜனவரியிலும் இஞ்சினைப் போடமாட்டோம். ஓடாமல் நிற்கிற வண்டியிலிருந்து புகை வந்தால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் இல்லையா? கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கையுறை போட்ட கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து ஆவி பறக்கச் சாப்பிடுவோம். எத்தனை குளிர்காலம் என்று எண்ணிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

டிசம்பரில் மேலாளர் தேர்வுக் குழுவை அறிவித்தார்கள். நாலு பேர். அதில் வெர்னிதாவும் ஒருத்தி. குழு என்றால் எங்களில் ஒருவரை ஓரமாக உட்காரவைப்பது வழக்கம், கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் தூரத்துச் சொந்தத்தையும் நிற்கவைப்பது மாதிரி.

"நான் வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள் வெர்னிதா, பியூக்கில்.

"சொல்லிட்டா உன் இடத்துல யாரு வருவா? டக்கோட இன்னொரு கூட்டாளி வருவான். நீயே இரு. ஆனா என்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடிடாத."

"ஏண்டி, உன்னைத் தூக்க எனக்கு முதுகுல பலம் ஏது?"

"விளையாடாத. நீ ஒரு வார்த்தை அதிகமாச் சொன்னாக்கூட, 'பாத்தியா, தன் ஆளுக்குப் பேசறா'ன்னுடுவாங்க. பட்டும் படாமலும் பேசு."

"சரிம்மா. பட்டும் படாமலும்." கோழி எலும்பைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். "உன்னைப் பத்தி மோசமா நாலு வார்த்தை சொல்லணும்னாக்கூடச் சொல்றேன். நிறைய கைவசம் இருக்கு."

நேர்முகம் நன்றாகவே போனது. முன்பு ஒருமுறை என் குரல் அதிகாரமாக இருக்கிறது என்றார்கள். குறைத்தேன். அடுத்த முறை தலைமைத் தோரணை போதவில்லை என்றார்கள். கூட்டினேன். இந்தத் தடவை இரண்டுக்கும் நடுவே ஒரு குரலைப் பிடித்து வைத்திருந்தேன். வீட்டில் அதில் பேசிப் பார்த்தபோது என் மகன் பயந்துபோய் உடம்பு சரியில்லையா என்று கேட்டான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். வெர்னிதா என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். நானும் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னேன். இவ்வளவு கச்சிதமாக நடித்ததற்கு எங்களுக்கு மேடையே போட்டிருக்கலாம்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை டக் மேலே கூப்பிட்டார்.

"உட்காருங்க சார்லீன். காபி?"

"இப்பதான் குடிச்சேன்."

"நீங்க இல்லேன்னா இந்தப் பிரிவே இல்ல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

அப்போதே புரிந்துவிட்டது. வேலை கிடைத்தவர்களிடம் யாரும் இப்படித் தொடங்குவதில்லை.

"ரொம்ப நெருக்கமா இருந்துச்சு. கடைசியில கேன்சஸ் சிட்டியிலேருந்து பிரென்ட்னு ஒருத்தர் வராரு. உங்களுக்கு அவரைப் பிடிக்கும் பாருங்க."

"எனக்கு என்ன குறைன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

"குறைன்னு இல்ல. ஒரு சின்னக் கவலை." டக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தணிக்கையும் இழப்பீடும் கைகோத்துப் போகணும். உங்களுக்கும் வெர்னிதாவுக்கும் ஆகாதுன்னு இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும்."

நான் அவரையே பார்த்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசி நான் ஒருநாள் பார்த்ததில்ல. ஒரே லிஃப்டுல கூட ஏறமாட்டீங்க. குழுவுலயும் அவங்க உங்களைப் பத்தி அளந்து அளந்துதான் பேசினாங்க. உங்களுக்குள்ள என்ன பழைய கதையோ, நான் கேட்கப் போறதில்ல. ஆனா மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருப்பீங்கன்னு நினைச்சிருந்தேன்."

அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நக்கலாகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"பிரென்ட் அடுத்த மாசம் வராரு. மொதல்ல கொஞ்ச நாள் நீங்கதான் கூடவே இருந்து சொல்லிக்குடுக்கணும். உங்களை விட்டா யாரு இருக்கா?"

சரி என்றேனா, தலையாட்டினேனா, நினைவில்லை. பெண்கள் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கொட்டாவிதான் வந்தது.

மதியம் பியூக்கில் சொன்னேன். வெர்னிதா டப்பாவின் மூடியைப் பாதி திறந்தபடி அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் நல்ல குளிர்.

"நமக்கு ஆகாதாமா?" என்றாள் கடைசியில்.

"ஆகாதாம். கட்டடத்துக்கே தெரியுமாம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"சிரிடி, நல்லாச் சிரி. நீ என்னதான் சொன்ன அங்க?"

"நீ சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். 'வேலையில குறை சொல்ல முடியாது'ன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"பட்டும் படாமலும்னு யாரு சொன்னா? பிரென்டைப் பத்தி மத்த மூணு பேரும் என்ன பேச்சு பேசினாங்க தெரியுமா? 'நம்ம பையன், நம்ம பையன்'னு உருகினாங்க. அவன் கோப்புல பாதி என்கிட்ட திரும்பி வந்தா நான் கிழிச்சுத் தொங்கவிடுவேன். நான் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உனக்காகத்தான்டி மூடிக்கிட்டேன்."

"எனக்காக மூடினது போதும். எனக்காகத் தொறந்திருக்கலாம்ல?"

"தொறந்திருந்தா?"

திறந்திருந்தால் வேறொரு காரணம் சொல்லியிருப்பார்கள். இரண்டு பேருக்கும் அது தெரியும். ஜன்னல் கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு படிந்திருந்தது. நாங்கள் இருவரும் அந்தக் கட்டடத்துக்காக எங்கள் நட்பை ஒளித்துவைத்தோம். ஒளித்ததையே குற்றமாக்கி என் கையில் கொடுத்துவிட்டார்கள். யாரையும் திட்டக்கூட முடியாத ஒரு மூலையில் போய் நாங்களே உட்கார்ந்திருந்தோம். எனக்கு வெர்னிதாவின் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம், ஆனால் கோபப்பட்டு முடிக்கத் தேவையான சக்தி ஒரு துளியும் இல்லை.

"வா," என்றாள் அவள். டப்பாவை மூடிவிட்டாள்.

"எங்க?"

"மாடிக்கு."

"போய்? ரெண்டு பேரும் சிநேகிதம்னு சொன்னா உன் வேலைக்கு வேட்டு. எங்க கோப்பெல்லாம் உங்க பிரிவுக்குத்தான் வருது. அதைப் பிடிச்சுப்பான்."

"பிடிக்கட்டும். எனக்கு இந்த வண்டில சாப்பிட்டு முட்டி ரெண்டும் போச்சு. என் பேரைச் சொல்லி உன்னை வேணாம்னிருக்கான். நான் அதைக் கேட்டுக்கிட்டு வீட்டுக்குப் போய் டிவி பார்க்கணுமா? எறங்குடி."

இரண்டு பேரும் பின்வாசல் வழியாக ஒன்றாக உள்ளே போனோம். காவலுக்கு நின்றவர் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ விபத்து நடந்துவிட்டது என்று நினைத்து, "எல்லாம் சரியா?" என்று கேட்டார்.

டக் எங்களைச் சேர்ந்தாற்போலப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சண்டையைத் தீர்த்துவைக்கச் சொல்லி வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். "பேசித் தீர்த்துக்கலாம், தாராளமாப் பேசித் தீர்த்துக்கலாம்" என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

வெர்னிதா உட்காரவில்லை. சர்ச் வாசலில் நிற்பது போல இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

"டக், சார்லீன் என் பொண்ணுக்கு ஞானத்தாய். இவ பையன் என் கையால சாப்பிட்டு வளர்ந்தவன். எங்க அம்மா சாகும்போது கூட இருந்தது இவதான், நான் ஆஸ்பத்திரி கேன்டீன்ல இருந்தேன். எங்களுக்கு ஆகாதுன்னு யாரு உங்களுக்குச் சொன்னது?"

டக்கின் வாய் திறந்து மூடியது. "ஆனா நான் பார்த்ததே இல்லையே..."

"நீங்க பார்க்கக் கூடாதுன்னுதான் நாங்க அப்படி இருந்தோம். ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தா என்ன திட்டம்னு இங்க கேட்பாங்க."

"நான் கேட்டதில்லையே!"

"நீங்க கேட்கல. கேட்டவர் ரிட்டயர் ஆகிட்டார். எங்களுக்குப் பழக்கம் போகல."

டக்கின் நெற்றியில் அந்தச் சின்னக் கவலை மறுபடி வந்து உட்காருவதை நான் பார்த்தேன். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கண்முன்னால் பார்ப்பது வேறு.

"அப்படின்னா இது இன்னொரு பிரச்சினை ஆகுதே, வெர்னிதா. இவ்வளவு நெருக்கம்னா, நீங்க இவங்க கோப்பைத் தணிக்கை பண்ணது எந்த அளவுக்கு... புரியுதுல்ல?"

"என்கிட்டேருந்து திரும்பி வந்த கோப்புல யாரோடது அதிகம்னு எடுத்துப் பாருங்க. இவளோடதுதான். மத்தவங்களுக்கு ஒரு கண்ணு வச்சா இவளுக்கு ரெண்டு கண்ணு வச்சேன்."

அது எனக்கே அப்போதுதான் தெரியும். தணிக்கையிலிருந்து வரும் திருத்தத்தில் பெயர் இருக்காது; இத்தனை வருடமும் அதையெல்லாம் அங்கே யாரோ ஒரு கடுகடுத்த கிழவன் போடுகிறான் என்று நினைத்து இவளிடமே திட்டியிருக்கிறேன். இவளும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறாள்.

டக் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும் வெளியிலேருந்து பார்க்கறவங்களுக்கு எப்படித் தெரியும்..."

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஓசார்க் ஏரியில் ஒரு படகு, இரண்டு ஆண்கள், நடுவே பெரிய மீன். அந்தப் படத்தை அவர் கீழே இருந்த காலத்திலிருந்தே நான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் நன்றாகப் பார்த்தேன்.

"டக்," என்றேன். நான் பேசிய குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அது தொலைபேசிக் குரலும் இல்லை, நேர்முகக் குரலும் இல்லை. வீட்டுக் குரல், அதுவும் சமையல் முடித்து உட்கார்ந்த பிறகு வருகிற குரல். "அந்தப் படத்துல மீனோட வாலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது யாரு?"

அவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. "பிரென்ட்."

"நல்ல மீனு."

"சார்லீன், அது வேற."

"எப்படி வேற?"

அவர் பதில் சொல்ல முயற்சி செய்தார். நான் காத்திருந்தேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அவர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து வேறொரு இடத்தில் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை டக். அவரிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நான் சண்டை போட வரல," என்றேன். "எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு. சிநேகிதம் இல்லேன்னு வேலை குடுக்கல. இப்ப சிநேகிதம் இருக்குன்னு குடுக்க மாட்டீங்க. சரி. ஆனா பிரென்டுக்கு நான் சொல்லிக்குடுக்கப் போறதில்ல. உங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். உங்களுக்கு முன்னாடி இருந்தவருக்கும் சொல்லிக்குடுத்தேன். போதும். மீன் பிடிக்கும்போது நீங்களே சொல்லிக்குடுங்க."

"நான் இதை இப்படியே மேல போய்ச் சொல்லப் போறேன்," என்றாள் வெர்னிதா. "என் பேர் இதுல இருக்கு. நான் சொல்லாததை நான் சொன்னதா வச்சு முடிவெடுத்திருக்கீங்க. அதை மட்டும் சொல்லுவேன்."

சொன்னாள். பணியாளர் பிரிவில் சொன்னாள், அங்கிருந்து சிகாகோ தலைமை அலுவலகத்துக்கும் சொன்னாள். முடிவை நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பனி விழுந்தது, கரைந்தது, மறுபடி விழுந்தது. இதற்கிடையில் என்னைக் கூப்பிட்டு, அதுவரைக்கும் பொறுப்பைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையை அலுவலகத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். பொறுப்பேற்க ஆளில்லாத பிரிவு ஒரு மாதம் தள்ளாடியது. டக்கே கீழே வந்து வந்து பார்த்தார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

மார்ச்சில் சிகாகோவிலிருந்து இரண்டு பேர் வந்து எல்லோரையும் திரும்ப நேர்முகம் பார்த்தார்கள். கேன்சஸ் சிட்டியிலேயே ஒரு நல்ல இடம் கிடைத்து பிரென்ட் விலகிக்கொண்டார். அவருக்கு எப்போதும் எங்கேயாவது ஒரு நல்ல இடம் கிடைத்துவிடும். ஏப்ரலில் வேலை எனக்கு வந்தது. மேலாளர். முன்னால் எந்த வார்த்தையும் ஒட்டாத வெறும் மேலாளர்.

வெர்னிதாவை எங்கள் கோப்புகளிலிருந்து மாற்றி, மோட்டார் வாகனத் தணிக்கையில் போட்டார்கள். தண்டனை இல்லையாம், நடைமுறையாம். அவளுக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. மறுபடி அரிச்சுவடியிலிருந்து படிக்கிறாள்.

சந்தோஷமாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். சர்ச்சில் எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டினார்கள். என் மகன் கேக் வாங்கிக்கொண்டு வந்தான். உண்மையைச் சொன்னால், எனக்குத் தூக்கம்தான் வந்தது. ஒரு கதவைத் திறக்க இவ்வளவு வருடம் தோளைக் கொடுத்து முட்டினால், அது திறக்கும்போது மகிழ்ச்சியாக உள்ளே ஓட முடியாது. தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கத்தான் தோன்றும்.

முதல் நாள் காலை அறைச் சாவியைக் கொடுத்தார்கள். அந்த அறைக்குள் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பேசியிருக்கிறேன், உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போனதே இல்லை. மதியம் வரை மூச்சுவிட நேரமில்லை. முந்தின நாள் இரவுதான் ஆலங்கட்டி மழை பெய்திருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பசி எடுத்ததும் நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன்.

தூரத்தில் கட்டடங்களுக்கு நடுவே, எங்கள் ஊரின் அடையாளமான பெரிய எஃகு வளைவு, ஆர்ச்சின் நுனி தெரிந்தது. டக் இருந்த காலத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவார். அதோ பாருங்கள், என்ன அழகு என்பார். நானும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு கழுத்து வலித்துக் கீழே குனிந்தேன்.

வெர்னிதாவுக்கு ஃபோன் போட்டேன். "மேல வா."

"சாப்பாடு எடுத்துக்கிட்டு எறங்கிக்கிட்டிருக்கேன்டி. கேன்டீன்லதான உட்காரப் போறோம் இன்னைக்கு?"

"மொதல்ல இங்க வா."

வந்தாள். கையில் டப்பா. "என்னம்மா மேனேஜர் அம்மா, கூப்பிட்டீங்களாமே?" என்று வாசலில் நின்று குனிந்து கும்பிடுவது போல நடித்தாள். நான் எழுந்து என் நாற்காலியில் அவளை உட்காரவைத்து ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன்.

நேர் கீழே, நான்கு மாடிக்கு அடியில், வண்டிகள் நிறுத்துகிற இடம். அதன் கோடியில் மேப்பிள் மரம். இலை இன்னும் சரியாக விடவில்லை. அதன் கீழே பியூக். அதன் பச்சை நிறமும், கூரையில் துரு பிடித்த இடமும், முன்கண்ணாடிக்குள் இரண்டு இருக்கைகளும், அவள் இருக்கையில் போட்டு வைத்திருக்கிற மஞ்சள் குஷனும்கூடத் தெளிவாகத் தெரிந்தன. ஒளிந்துகொள்ள இதைவிட வெளிச்சமான ஒரு இடத்தை நாங்கள் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

டக் இந்த நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இருந்தவர்களும்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெர்னிதா குனிந்து கீழே பார்த்தாள்.

"அவன் பொய் சொல்லல," என்றாள் கடைசியில். "நிஜமாவே நம்மளைப் பார்த்ததில்ல."

"இல்ல."

"ஒருநாள்கூட யாரும் குனிஞ்சு பார்க்கல."

"இல்லடி."

"இஞ்சினைப் போட்டிருக்கலாமேடி சார்லீன்," என்றாள். "அந்தக் குளிர்ல ஹீட்டரைப் போட்டுக்கிட்டாவது சாப்பிட்டிருக்கலாமே."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கழிவறையில் வராதது, வேலை கிடைத்தபோதும் வராதது, மொத்தமாக வந்தது. அவள் எழுந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தே இருந்தது. வெளியே யாரோ எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதை மூட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனோம். ஒரே லிஃப்டில் இறங்கினோம்.